இரட்டைத் திரையும் காரண ஆராய்ச்சியும்

ஒரு கணினிக்கு ஒரு மானிட்டர் என்றிருந்த நிலை மாறி, இரண்டு மானிட்டர்களை அடுத்தடுத்து வைத்துப் பணி செய்யும் வழக்கம் இப்பொழுது கலாசாலைகளிலும் வீடுகளிலும் பரவி வருகின்றது. ஒரு திரையில் பாடநூலும் மற்றொன்றில் எழுதும் கட்டுரையும், ஒரு திரையில் கட்டடத்தின் வரைபடமும் மற்றொன்றில் அதன் முப்பரிமாண உருவமுமாக வைத்துக்கொண்டு உழைப்போர், அவ்வசதியை ஒருமுறை அறிந்தபின் அதனை எளிதில் விடார். ஆயினும் இவ்வசதியோடு ஒரு தொல்லையும் உடன் வருவதுண்டு. ஒற்றைத் திரையில் தங்குதடையின்றி ஓடிய படம், இரண்டாவது திரையை இணைத்த அன்றே தயங்கித் தயங்கி ஓடுகின்றது. ஒரு திரையில் வீடியோ நடக்கையில் மற்றொரு திரையிற் சுழலும் உருவம் திடீர் திடீரென்று துள்ளுகின்றது. மவுஸின் அம்புக்குறி கையின் வேகத்திற்கு ஈடுகொடாமற் பின்தங்குகின்றது. இத்தொல்லைக்கு ஆளானோரிற் பலர், "கிராபிக்ஸ் கார்டு போதவில்லை, புதியதொன்று வாங்கவேண்டும்" என்னும் ஒரே முடிவுக்கு விரைந்து வந்துவிடுகின்றனர்.

இம்முடிவு சிற்சில இடங்களிற் சரியே. ஆனால் ஆராய்ந்து கண்ட முடிவாக இருப்பது அரிது. காரணத்தைக் காணாமலே பணத்தைக் கொடுத்துப் பரிகாரத்தை வாங்கிவிடலாம் என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றுமாயின், அஃது ஒரு கார்டின் விலையோடு முடிவதன்று. அவர் கற்ற கல்வியின் பயனையே குறைப்பதாகும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் கருத்து.

ஒரே மூலத்திலிருந்து இரண்டு வாய்க்கால்களுக்குப் பங்கிடுவதில் நேரும் இடர்ப்பாட்டை நம் ஊராருக்கு விளக்குதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. முக்கொம்பிலே காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரியென்றும் வடகிளை கொள்ளிடமென்றும் பெயர் பெற்று, இடையே ஸ்ரீரங்கத் தீவை அணைத்துக்கொண்டு செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காவிரிப் பாசனத்தை நம்பிய தஞ்சை வயல்கள் நீருக்கு ஏங்கின. மேலிருந்து வரும் நீரே போதாது என்று ஒருவர் கருதியிருத்தல் கூடும். உண்மையில் குறை பங்கீட்டிலேயே இருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிவு மிகுந்தும் இருந்தமையின், நீரிற் பெரும்பங்கு அவ்வழியே ஓடிற்று. காவிரியின் தலைப்பிலோ மணல் மேடிட்டது. ஆர்தர் காட்டன் 1836-ஆம் ஆண்டிலே தொடங்கிக் கொள்ளிடத்தின் தலைப்பிற் குறுக்கே மேலணையைக் கட்டினார். பின்னர்க் காவிரியிற் புகும் நீர் வேண்டிய அளவினும் மிகத் தொடங்கவே, சில ஆண்டுகளுக்குள் அவ்வாற்றின் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள. குறை எப்பொழுதும் அளவில் இருப்பதில்லை, பங்கீட்டிலும் இருக்கலாம் என்பது ஒன்று. ஒரு கிளையிற் செய்யும் மாற்றம் மற்றொரு கிளையையும் தாக்கும். ஆதலின் ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் விளைவை அளந்து பார்த்தே மேற்செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டு மானிட்டர்களை இயக்கும் கணினிக்கும் இவ்விரண்டு பாடங்களும் முற்றும் பொருந்தும்.

இனித் திரையிற் படம் இயங்கும் முறையைச் சிறிது நோக்குவோம். அசையும் படம் என்பது உண்மையிற் பல நிலைப்படங்களின் வரிசையே. இந்நகரில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் து பான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில மௌனப் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று காட்டத் தொடங்கினார். அன்று நம் மக்களை வியப்பில் ஆழ்த்திய அக்கருவியின் இரகசியம், நிலைப்படங்களை ஒரே சீராக மாற்றிக்கொண்டிருப்பதே. வேகம் மட்டும் போதாது, சீரும் வேண்டும். கணினியின் திரையும் அவ்வாறே. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கின்றது. இதனை 60 ஹெர்ட்ஸ் என்பர். அதாவது ஒவ்வொரு படத்தையும் ஆயத்தம் செய்வதற்குக் கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டராயின் அவ்வவகாசம் 6.9 மில்லி விநாடியாகச் சுருங்குகின்றது. குறித்த நேரத்திற்குள் புதிய படம் வந்து சேராவிடின் பழைய படமே மறுபடியும் காட்டப்படும். நாம் காணும் துள்ளல் இதுவே.

வேலையின் அளவையும் எண்ணிப் பார்த்தல் நன்று. 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள. 4கே எனப்படும் 3840-க்கு 2160 அளவுள்ள திரையில் அதைப்போல் நான்கு மடங்கு, அஃதாவது 82,94,400 புள்ளிகள். இவ்விரண்டையும் ஒருங்கே 60 ஹெர்ட்ஸில் இயக்கும் கணினி விநாடிக்கு 62 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை அனுப்புகின்றது. ஆதலின் இரண்டாவது திரை ஒரு சுமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சுமை எவ்விடத்தில் அழுத்துகின்றது என்பதே கேள்வி.

அழுத்தும் இடங்கள் பல. முதலாவது, கேபிள் செருகும் இடம். தனிக் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியின் பின்புறத்தில் மதர்போர்டைச் சேர்ந்த துளையும் கார்டைச் சேர்ந்த துளையும் தனித்தனியே இருக்கும். இரண்டாவது மானிட்டரை மதர்போர்டின் துளையிற் செருகிவிட்டால், கார்டு வரைந்த படம் ஒவ்வொன்றும் மற்றொரு கிராபிக்ஸ் பகுதிக்கு நகல் செய்யப்பட்டே திரையை அடையும்படி நேரலாம். இரண்டாவது, கேபிளின் தரம். 2009-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 என்னும் முறை 4கே படத்தை விநாடிக்கு 30 முறைக்கு மேற் கொண்டுசெல்லாது. 60 முறைக்கு 2013-இல் வந்த 2.0 முறை வேண்டும். கணினி, கேபிள், மானிட்டர் ஆகிய மூன்றனுள் ஒன்று பழையதாயினும் மற்ற இரண்டின் ஆற்றலும் வீணே. மூன்றாவது, இரு மானிட்டர்களின் வேகம் ஒவ்வாமை. ஒன்று 60-ஆகவும் மற்றொன்று 144-ஆகவும் இருப்பின், சில கணினிகளில் வேகமான திரை மெதுவான திரைக்காகக் காத்திருக்க நேர்கின்றது. நான்காவது, யு.எஸ்.பி. வழியாக மானிட்டரை இணைக்கும் சிலவகை டாக்குகள். இவை படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலையைச் சி.பி.யூ.வின் தலையிற் சுமத்துவன. ஐந்தாவது, ரேம். தனிக் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸ் பகுதி ரேமையே தன் நினைவகமாகக் கொள்ளும். 16 ஜி.பி. ரேம் ஒரே துண்டாக இருப்பதற்கும், 8 ஜி.பி. கொண்ட இரண்டு துண்டுகளாக இருப்பதற்கும் கொள்ளளவில் வேற்றுமை இல்லை. ஆனால் பின்னதற்கு ஒரு பாதைக்கு இரண்டு பாதைகள் கிடைக்கின்றன. ஆறாவது, வெப்பம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தூசி அடைத்த விசிறியோடு உழைக்கும் லேப்டாப், தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இவ்வாறினும் பெரும்பாலானவற்றிற்குப் புதிய கார்டு மருந்தன்று என்பதை மாணவர் கவனிப்பாராக.

காரணங்கள் இத்தனை இருப்பின் எதனைக் குற்றவாளி எனத் துணிவது? விடை எளிது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டாவது மானிட்டரைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்து பார்க்க. துள்ளல் நின்றுவிடுகின்றதா? நில்லாதாயின் இரண்டாவது திரைமேற் பழியில்லை. நின்றதாயின், அதனை மறுபடி இணைத்து, இரு திரைகளையும் 60 ஹெர்ட்ஸில் நிறுத்திப் பார்க்க. பின்னர் இரண்டு கேபிள்களையும் தம்முள் மாற்றிப் பார்க்க. குற்றம் கேபிளோடு இடம்பெயர்ந்தால் கேபிளும், பெயராதிருந்தால் மானிட்டரோ துளையோ ஐயத்திற்குரியன. வேலை தொடங்கி ஐந்து நிமிடம் நன்றாக ஓடி அரைமணிக்குப் பின் துள்ளத் தொடங்கினால் வெப்பத்தை ஐயுறுக. வீடியோ ஓடும்போது மட்டும் துள்ளினால், பிரௌசர் அவ்வீடியோவைக் கார்டின் துணையின்றிச் சி.பி.யூ.வினாலேயே விரிக்கின்றதா என்று நோக்குக. விண்டோஸ் 10-இல் 2017 முதல், டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதியிற் சி.பி.யூ.வின் உழைப்போடு கிராபிக்ஸ் பகுதியின் உழைப்பும் காட்டப்படுகின்றது. இதனைக் காண ஒரு காசும் செலவில்லை.

கார்டு உண்மையில் வலியற்றதா என்பதை அறியவும் ஒரு சோதனை உண்டு. முப்பரிமாண வேலையிற் படத்தின் அளவை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720-ஆகக் குறைத்துப் பார்க்க. புள்ளிகள் 9,21,600-ஆக, அதாவது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகின்றன. இதனால் வேகம் நன்றாக உயருமாயின் புள்ளிகளை வரையும் கார்டே திணறியது என்று கொள்ளலாம். வேகம் உயராதாயின், தடை சி.பி.யூ.விலோ வேறிடத்திலோ இருக்கின்றது. எவ்வளவு விலையுயர்ந்த கார்டும் அங்கே பயன்படாது.

சராசரியை நம்பி ஏமாறுதலும் கூடாது. ஒரு விநாடியில் 60 படங்கள் வந்தன என்று அளவுகருவி காட்டலாம். அவற்றுள் 59 படங்கள் 10 மில்லி விநாடிக்கு ஒன்றாக வந்து, எஞ்சிய ஒன்று மட்டும் 400 மில்லி விநாடி எடுத்துக்கொண்டதென்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 990 மில்லி விநாடி; சராசரியில் ஒரு குறையும் காணப்படாது. கண்ணோ அந்த ஒரு தடங்கலைத்தான் காணும். ஆதலின் விநாடிக்கு எத்தனை படம் என்பதை மட்டும் நோக்காது, ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் நோக்கவேண்டும். தேர்வு மதிப்பெண்களின் சராசரியைக் கொண்டு ஒரு வகுப்பை மதிப்பிடுவோருக்கும் இவ்வுண்மை பயன்படும்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர், கட்டடக்கலை வரைவுப் பணிக்காக ஸ்ரீரங்கத்திலுள்ள தம் வீட்டில் இரண்டாவது மானிட்டர் ஒன்றை அமைத்தார். படம் தயங்கிற்று. கடைக்காரர் ஒருவர் கணினியைத் திறந்தும் பாராமற் புதிய கார்டுக்கு விலை கூறிவிட்டார். அத்தொகைக்காக வீட்டிலுள்ள நகையை அடகு வைப்பதென்றும் முடிவாயிற்று. நல்வேளையாக, மேற்கூறிய வரிசையிற் சோதனை செய்து பார்ப்போம் என்று அவருடைய தோழர் ஒருவர் தடுத்தார். கேபிள் மதர்போர்டின் துளையிற் செருகப்பட்டிருந்தது. அதனைக் கார்டின் துளைக்கு மாற்றியபின் படம் சீராக ஓடிற்று. சோதனைக்கு ஆன பொழுது ஒரு மணி நேரம், செலவு ஏதுமில்லை. வசதியுள்ள வீட்டில் ஆராயாத முடிவு ஒரு வீண் செலவோடு போம். வசதியற்ற வீட்டில் அது கடனாகி நிற்கும். மிஷன் கலாசாலைகளிற் பயிலும் மாணவர் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வருவோர் என்பதை நாம் மறத்தலாகாது.

"நேரமும் பொருளன்றோ? சோதனையில் நாளைப் போக்குவதினும் புதிய கார்டை வாங்கிவிடுதல் சிக்கனமாகாதோ?" என்று வினவுவார் உளர். பெரிய நிறுவனத்திற்கு அவ்வாதம் ஒருகாற் பொருந்தும். ஆனால் காரணம் வேறிடத்தில் இருக்குமாயின் கார்டு வந்தபின்னும் தொல்லை தீராது. நேரம், பணம் இரண்டும் போய்விடும். பயன்படக்கூடிய பழைய கார்டு குப்பையிற் சேர்வதும் ஒரு தீமையே. இன்னும் சிலர், இணையத்திற் கிடைக்கும் பரிகாரங்கள் பத்தினையும் ஒரே மூச்சிற் செய்துவிடுகின்றனர்: டிரைவரை மாற்றுகின்றனர், அமைப்புகளை அணைக்கின்றனர், சிஸ்டத்தையே புதிதாக நிறுவுகின்றனர். தொல்லை நீங்கினும் எதனால் நீங்கிற்று என்று அவர் அறியார். பத்துக் கஷாயங்களை ஒரே வேளையிற் குடித்து நோய் நீங்கப்பெற்றவன், அடுத்தமுறை நோய் வந்தால் மறுபடியும் பத்தையும் குடிக்க வேண்டியவனே.

காரணத்தைத் தனிமைப்படுத்திக் காணும் இம்முறை நம் மண்ணுக்குப் புதியதன்று. ஸ்ரீரங்கத் தீவிலேயே உள்ள திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி. வி. ராமன், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் உலகறியச் செய்த கண்டுபிடிப்பை நினைவுகூர்வோம். சூரிய வெளிச்சம், நிறக் கண்ணாடிகள், தூய்மை செய்த திரவங்கள், தம் கண் ஆகியவற்றைக் கொண்டே அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் முதற் சோதனைகளை நடத்தினர். திரவத்திலிருந்து வேறு நிறமுடைய ஒளி மங்கலாக வெளிப்பட்டபோது, அது திரவத்திற் கலந்த அழுக்கினால் விளைந்த ஒளிர்வாக இருக்கலாமே என்னும் ஐயம் எழுந்தது. திரவங்களை மீண்டும் மீண்டும் தூய்மை செய்து அவ்வையத்தை நீக்கிய பின்னரே அவர்கள் தம் முடிவைத் துணிந்தனர். பிழையான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய அப்பொறுமையே அங்கே பெரிய கருவியாக நின்றது. அப்பெரியாரின் செயலோடு கேபிள் மாற்றுவதை ஒப்பிடுதல் மிகையென்று நகைப்பார் நகைக்க. பொருள் சிறிதாயினும் முறை ஒன்றே. சிறு பொருளிற் பழகாத முறை பெரும் பொருளிற் கைகொடாது.

இனி நம் கலாசாலையில் ஆகவேண்டுவன மூன்று. முதலாவது, கணினி ஆய்வுக்கூடத்தில் நிரல் எழுதுவதைக் கற்பிப்பதோடு, பழுது காணும் பயிற்சியும் பாடமாதல் வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு குறையை அமைத்துவைக்க, மாணவர் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்ட குறி, செய்த ஒரு மாற்றம், அதன் விளைவு என்று மூன்று பத்திகளில் அதனைத் தமிழிலேயே எழுதிவைக்கட்டும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, இந்நகரத்துத் தூய வளனார் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற எஸ். ரங்கராஜன், சுஜாதா என்னும் பெயரால் கணினியைத் தமிழருக்குத் தமிழிலேயே விளக்கிக் காட்டியிருக்கின்றார். ஆதலின் மொழி இடங்கொடாது என்னும் சாக்கு இனிச் செல்லாது. இரண்டாவது, எத்துறையேனும் புதிய கிராபிக்ஸ் கார்டோ கணினியோ கோருமாயின், பழையதிற் செய்த சோதனைகளையும் அளவுகளையும் ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு இணைப்பது விதியாதல் நலம். மூன்றாவது, தொழிற்சாலைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள், தாம் காரணம் கண்டு தீர்த்த பழுதுகளை இம்மலருக்கு எழுதியனுப்புதல் வேண்டும். நன்கொடையாக வரும் கருவிகளை நன்றியோடு ஏற்போம். ஆயினும் பத்து ஆண்டுகளிற் கருவிகள் பழையனவாகிவிடும். அவர்கள் எழுதும் அனுபவமோ பின்வரும் வகுப்புகளுக்கெல்லாம் பயன்படும்.

இன்றுள்ள மானிட்டரும் கேபிளும் கார்டும் சில ஆண்டுகளில் வேறு வடிவம் கொள்ளும். நாம் மேலே எழுதிய எண்களுட் பல அப்போது பழங்கதையாகும். ஒன்றை மாற்றி, அளந்து, குறித்துவைத்து, அடுத்ததற்குச் செல்லும் வழக்கம் மட்டும் பழமை அடையாது. அதனைக் கைக்கொண்ட மாணவர் மருத்துவராயினும், பொறியாளராயினும், ஊராட்சியில் அமர்ந்து குடிநீர் ஏன் வரவில்லை என்று ஆராய்பவராயினும், விலை கூறுவார் சொல்லைக் கேட்டு மயங்கார். குறை எங்கே இருக்கின்றதென்று தாமே சென்று பார்ப்பார்.